அன்டூ செய்யப் போய் வேலையையே இழப்பது: எந்த மென்பொருளில் எப்படித் தடுப்பது?

பதிவு 1 | வரிவடிவம்

நீண்ட கட்டுரையோ புத்தக மெய்ப்போ திருத்தும்போது, காலையில் வெட்டிய பத்தி சாயங்காலம் மறுபடி தேவைப்படும். கண்ட்ரோல்+இசட்டை (அன்டூ, செய்த திருத்தத்தைத் திருப்புவது) அடித்துக்கொண்டே பின்னால் போனால் பத்தி கிடைத்துவிடும். நகலெடுத்து, ரீடூ (அன்டூ செய்ததை மறுபடி கொண்டுவருவது) கொடுத்து முன்னால் வந்து ஒட்ட வேண்டும். நடுவில் ஒரு ஸ்பேஸ் விழுந்தால் போதும், ரீடூ பொத்தான் மங்கிவிடும். பத்தி கையில் இருக்கும், அதற்குப் பிறகு செய்த வேலை முழுக்கப் போயிருக்கும்.

இதைத் தடுக்க உருப்படியான வழிமுறை வேண்டும். நான் புழங்குவது வேர்டும் லிப்ரே ஆபீஸும். மற்ற மென்பொருள்காரர்களும் எழுதினால் இழை எல்லாருக்கும் உதவும். "பேக்கப் வைத்துக்கொள்ளுங்கள்" என்று ஒரே வரியில் முடித்துவிடாதீர்கள், ப்ளீஸ்.

பதிவு 2 | ஓரெழுத்து

பெரும்பாலான மென்பொருள் இரண்டு அடுக்கு வைத்திருக்கிறது. செய்த வேலை எல்லாம் அன்டூ அடுக்கில் ஏறும். அன்டூ கொடுத்தால் மேலே இருக்கும் படி ரீடூ அடுக்குக்கு மாறும். அந்த நிலையில் புதிதாக ஏதாவது திருத்தினால் ரீடூ அடுக்கு அப்படியே காலி. ஆக, இழப்பு நடப்பது அன்டூவில் இல்லை, அதற்கு அடுத்து வரும் முதல் திருத்தத்தில்தான்.

எது திருத்தம், எது இல்லை என்று தெரிந்திருந்தால் பாதிப் பயம் போய்விடும். கர்சரை நகர்த்துவது, தேர்ந்தெடுப்பது, கண்ட்ரோல்+சி, ஸ்க்ரோல் செய்வது, தேடுவது எதுவும் ரீடூவைத் தொடாது. ஸ்பேஸ், என்டர், எழுத்தைத் தடிமனாக்குவது, ஸ்டைல் மாற்றுவது, கண்ட்ரோல்+சிக்குப் பதில் கண்ட்ரோல்+எக்ஸ் விழுவது எல்லாம் திருத்தம். கடைசியாகச் சொன்னதுதான் அதிகம் நடப்பது, இரண்டு கீயும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன.

வேர்டில் பாதுகாப்பான வரிசை இது:

கண்ட்ரோல்+எஸ் கொடுத்து இன்றைய நிலையைச் சேமியுங்கள். உடனே எஃப்12 அழுத்தி, அதே கோப்பு வடிவத்தில், பெயரின் கடைசியில் "பின்னோக்கி" என்று சேர்த்து இன்னொரு கோப்பாகச் சேமியுங்கள். லேப்டாப்பில் எஃப்என் கீயும் சேர்த்து அழுத்த வேண்டியிருக்கலாம். இப்போது திரையில் இருப்பது புதுக் கோப்பு, மூலக் கோப்பு டிஸ்க்கில் பத்திரமாக இருக்கிறது. அன்டூ வரலாறு இந்தச் சன்னலோடு கூடவே வரும். எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் பின்னால் போங்கள். வேண்டியதை நகலெடுத்த பிறகு ரீடூ பக்கமே போக வேண்டாம், மூலக் கோப்பைத் தனியாகத் திறந்து ஒட்டுங்கள்.

இதற்கு ஒரு விலை உண்டு. மூலக் கோப்பைப் புதிதாகத் திறப்பதால் அதன் அன்டூ வரலாறு வெறுமையாக இருக்கும். அதனால் "பின்னோக்கி" சன்னலை வேலை முடியும்வரை மூடாதீர்கள்.

இன்னும் இரண்டு விஷயம். ஒன்டிரைவில் உள்ள கோப்பில் ஆட்டோசேவ் ஓடிக்கொண்டிருந்தால், அன்டூ செய்த பழைய நிலை கொஞ்ச நேரத்தில் கோப்பிலேயே எழுதப்பட்டுவிடும். பின்னால் போகும் முன் மேலே இடது மூலையில் உள்ள ஆட்டோசேவ் சுவிட்சை அணைத்துவிடுங்கள். அடுத்தது, வேர்டில் கண்ட்ரோல்+ஒய்க்கு இரட்டை வேலை. ரீடூ அடுக்கில் ஏதாவது இருக்கும்வரை அது ரீடூ. அடுக்கு தீர்ந்ததும் அதே கீ "ரிப்பீட்" ஆகிவிடும், கடைசிச் செயலை மறுபடி செய்யும். கடைசியாக ஒரு வரி தட்டச்சு செய்திருந்தால் அந்த வரி இன்னொரு தடவை வந்து விழும். கீயைப் பிடித்துக்கொண்டே இருக்காமல், கடைசி ஐந்தாறு படிகளை ஒவ்வொன்றாக அடியுங்கள்.

பதிவு 3 | பேரேடு

எக்செல்லில் விவகாரமே வேறு. திறந்திருக்கும் எல்லா ஒர்க்புக்குக்கும் சேர்த்து ஒரே அன்டூ அடுக்கு. சம்பளப் பட்டியலில் பத்துத் திருத்தம் செய்துவிட்டு, ஸ்டாக் கோப்புக்குப் போய் நான்கு திருத்தம் செய்து, அங்கே ஆறு தடவை கண்ட்ரோல்+இசட் அடித்தால், கடைசி இரண்டு அடி சம்பளப் பட்டியலில் போய் விழும். திரை ஒரு கணம் அந்தக் கோப்புக்குத் தாவும், வேகமாக அடிப்பவர் கண்ணில் அது படாது.

தடுக்க, முக்கியமான கோப்பைத் தனி எக்செல்லாகத் திறக்க வேண்டும். ஆல்ட் கீயைப் பிடித்துக்கொண்டே எக்செல் ஐகானைச் சொடுக்கி, கொஞ்ச நேரம் விடாமல் இருங்கள். புதிய இன்ஸ்டன்ஸ் தொடங்கவா என்று கேட்கும், ஆம் கொடுங்கள். இனி அதன் அடுக்கு தனி. இரண்டு இன்ஸ்டன்ஸுக்கு இடையே நகலெடுத்து ஒட்டும்போது பேஸ்ட் ஸ்பெஷலின் முழு வசதி கிடைக்காது, ஃபார்முலாவுக்குப் பதில் வெறும் மதிப்பு வந்து உட்காரும். அது தெரிந்தே செய்யுங்கள்.

அன்டூவால் மீட்கவே முடியாத இடங்கள்: ஷீட்டை நீக்குவது, ஷீட்டை மாற்றும் மேக்ரோவை ஓட்டுவது. மேக்ரோ ஓடியதும் அதற்கு முந்தைய அடுக்கும் சேர்ந்தே காலியாகும். பொத்தானில் மேக்ரோ கட்டிக் கொடுப்பவர்கள், முதல் வரியிலேயே நடப்புக் கோப்பை வேறு பெயரில் நகல் சேமிக்கும் கட்டளையை எழுதிவிடுவது நல்லது. விபிஏவில் (எக்செல் மேக்ரோ எழுதும் மொழி) அதற்கு சேவ்காப்பிஆஸ் இருக்கிறது, திறந்திருக்கும் கோப்பின் பெயர் மாறாது. மற்றபடி எக்செல் 2007 முதல் 100 படி வரை பின்னால் போகலாம், அதற்கு முன் 16தான். பவர்பாயின்டில் இயல்பு 20, ஆப்ஷன்ஸ் - அட்வான்ஸ்டு பகுதியில் 150 வரை ஏற்றலாம்.

பதிவு 4 | வரிவடிவம்

> அன்டூ வரலாறு இந்தச் சன்னலோடு கூடவே வரும்

லிப்ரே ஆபீஸிலும் இதே போலவா? அங்கே எவ்வளவு படி?

பதிவு 5 | ஓரெழுத்து

அங்கே இன்னும் எளிது. ஃபைல் மெனுவில் "சேவ் எ காப்பி" என்று தனியாக இருக்கிறது. இந்த நிலையை வேறு பெயரில் எழுதி வைக்கும், சன்னல் மூலக் கோப்பிலேயே நிற்கும். முதலில் நகல், பிறகு அன்டூ. ரீடூ போனாலும் நகலைத் திறந்து தொடரலாம்.

படி எண்ணிக்கை இயல்பாக 100. கூட்ட வேண்டுமானால் டூல்ஸ் - ஆப்ஷன்ஸ் - அட்வான்ஸ்டு - எக்ஸ்பர்ட் கான்ஃபிகரேஷன் போய், தேடல் பெட்டியில் அன்டூ என்று அடித்தால் "ஸ்டெப்ஸ்" வரும். 500 வைக்கலாம். படம் நிறைந்த கோப்பென்றால் நினைவகம் தின்னும், அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்டூ பொத்தானின் பக்கத்தில் உள்ள சிறு அம்பைச் சொடுக்கினால் படிகள் பட்டியலாக வரும். எந்தச் சொல்லைத் தட்டினோம், எதை நீக்கினோம் என்று அதிலேயே தெரியும். ஐம்பது தடவை கீ அடிப்பதைவிட அங்கிருந்து நேராகத் தாவுவது மேல், கை தவறும் வாய்ப்பே குறைகிறது.

பதிவு 6 | தட்டச்சுப்பலகை

தமிழ்த் தட்டச்சில் இன்னும் இரண்டு சிக்கல் இருக்கிறது.

ரோமன் ஒலிப்பு முறையில் அடிப்பவர்களுக்கு ழகரம் இருப்பது இசட் கீயில். இடது சுண்டுவிரல் ஷிஃப்டைத் தேடும்போது ஒரு வரிசை கீழே இறங்கினால் அது கண்ட்ரோல். ளகரத்துக்கு ஷிஃப்ட் போட்டுப் பழகிய கை, ழகரத்துக்கும் தன்னையறியாமல் அங்கே போகும். "வாழ்க்கை" என்று அடிக்க நினைத்தது அன்டூவாகிவிடும், அடுத்த எழுத்து ரீடூவைக் காலி செய்துவிடும். போனது ஒரு படி என்பதால் பலர் கவனிப்பதே இல்லை. பத்தியில் எங்கோ ஒரு திருத்தம் காணாமல் போயிருக்கும், அச்சுக்குப் போன பிறகுதான் தெரியும். தமிழ்99க்காரர்களுக்கு ழகரம் வலது ஓரத்தில் சாய்கோட்டுக் கீயில் இருப்பதால் இந்தத் தொல்லை இல்லை.

இரண்டாவது, படிகள் தீர்ந்துபோகும் வேகம். ஒலிப்பு முறையில் "கி" அடிக்க, முதலில் "க்" விழும். அடுத்த கீயில் மென்பொருள் உள்ளுக்குள் ஒரு பேக்ஸ்பேஸ் அனுப்பிப் புள்ளியை எடுத்துவிட்டு இகரக் குறியைப் போடும். அந்த நீக்கத்தைத் தனிப் படியாக எண்ணும் எடிட்டராக இருந்தால், ஓர் எழுத்துக்கே இரண்டு மூன்று படி செலவாகும். 100 படி என்பது இரண்டு மூன்று வரிகூடத் தாங்காது. உங்கள் எடிட்டர் எப்படி என்று பார்க்க, "கிளி" என்று அடித்துவிட்டு எத்தனை அன்டூவில் முழுசாக மறைகிறது என்று எண்ணுங்கள். ஒன்றோ இரண்டோ என்றால் கவலையில்லை. ஐந்து ஆறு போனால் படி எண்ணிக்கையைக் கட்டாயம் கூட்டுங்கள்.

பதிவு 7 | நாவாய்

விம்மில் (நிரலாளர்கள் புழங்கும் உரை எடிட்டர்) வரிவடிவம் சொன்ன சிக்கலே கிடையாது, ஏனென்றால் அங்கே இருப்பது மரம். பின்னால் போய்ப் புதிதாகத் தட்டினால் பழைய கிளை அழியாது, பக்கத்தில் இன்னொரு கிளை முளைக்கும். 2006-ல் வந்த 7.0 முதல் இப்படித்தான். ஆனால் சின்ன யு, கண்ட்ரோல்+ஆர் இரண்டும் நிற்கும் கிளையில் மட்டும் ஏறி இறங்கும். அதனால் கிளை மாறியதும் "போச்சு" என்று பலர் கோப்பை மூடிவிடுகிறார்கள். மூடினால்தான் உண்மையில் போகும்.

கிளை தாண்டிக் கால வரிசைப்படி பின்னால் போக ஜி, மைனஸ். முன்னால் வர ஜி, ப்ளஸ். நேரம் சொல்லிப் போக ":ஏர்லியர் 10எம்", அதாவது பத்து நிமிடத்துக்கு முந்தைய நிலை. ":ஏர்லியர் 1எஃப்" என்றால் கடைசியாகக் கோப்பில் எழுதிய நிலை. திரும்பி வர இவற்றுக்கு ":லேட்டர்" உண்டு. ":அன்டூலிஸ்ட்" கிளை நுனிகளை எண்ணோடும் நேரத்தோடும் காட்டும், ":அன்டூ" போட்டு அந்த எண்ணைக் கொடுத்தால் நேராக அங்கே போகும். கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் அன்டூட்ரீ ப்ளக்இன் போடுங்கள்.

மூடிய பிறகும் வரலாறு நிற்க, விம்ஆர்சியில் (விம்மின் அமைப்புக் கோப்பு) இரண்டு வரி:

செட் அன்டூஃபைல்
செட் அன்டூடிர்=~/.விம்/அன்டூ

இப்படித் தனி அடைவு கொடுத்தால் கோப்பின் முழுப் பாதையும் பெயரில் தானாகச் சேரும், வெவ்வேறு அடைவில் ஒரே பெயரில் உள்ள கோப்புகள் மோதிக்கொள்ளாது. அந்த அடைவை நீங்களே உருவாக்கி வைக்க வேண்டும், விம் உருவாக்காது. நியோவிம்மில் (விம்மிலிருந்து பிரிந்த எடிட்டர்) இயல்பு அடைவே போதும், முதல் வரி மட்டும் போட்டால் சரி. வேறு நிரல் கோப்பைத் தொட்டு உள்ளடக்கம் மாறியிருந்தால் அன்டூ கோப்பு செல்லாது, விம் அதைச் சொல்லிவிட்டு ஒதுக்கிவிடும். கடவுச்சொல் உள்ள கோப்புகளுக்கு இதை அணைத்து வையுங்கள், அழித்த வரியும் அன்டூ கோப்பில் அப்படியே கிடக்கும்.

இனி விம் உண்மையில் காலை வாரும் இடங்கள்.

இன்சர்ட் முறையில் (எழுத்தைத் தட்டும் நிலை) நுழைந்து எஸ்கேப் அடிக்கும்வரை தட்டியது முழுக்க ஒரே படி. அரை மணி நேரம் தொடர்ந்து எழுதியிருந்தால் ஒரே யுவில் அத்தனையும் போகும். ரீடூவில் திரும்பி வரும், ஆனால் கடைசி வாக்கியத்தை மட்டும் நீக்க வழியில்லை. முற்றுப்புள்ளி, காற்புள்ளி, என்டர் மூன்றுக்கும் இன்சர்ட் மேப் (ஒரு கீக்கு வேறு செயலை ஒதுக்கும் வரி) எழுதி, அந்தக் கீக்குப் பிறகு கண்ட்ரோல்+ஜி, யு சேருங்கள். ஒவ்வொரு வாக்கியமும் தனிப் படி ஆகிவிடும்.

அதைவிட மோசமானது இன்சர்ட் முறையில் கண்ட்ரோல்+யு. வரியில் தட்டியதை அழிக்கும், அந்த அழிப்பு தனிப் படியாகப் பதிவாகாது. அன்டூ கொடுத்தால் அதே இன்சர்ட்டில் எழுதிய மிச்சமும் சேர்ந்து போகும், அழிந்த சொல் மட்டும் திரும்பாது. இதற்கு மருந்து, கண்ட்ரோல்+யுவுக்கு முன் கண்ட்ரோல்+ஜி, யு வரும்படி மேப் செய்வது. விம்மோடு வரும் டிஃபால்ட்ஸ் கோப்பில் இது இருக்கிறது, ஆனால் சொந்தமாக விம்ஆர்சி எழுதினால் அந்தக் கோப்பு தானாக ஏறாது. கண்ட்ரோல்+டபிள்யூவுக்கும் இதே வைத்தியம். நியோவிம்மில் இரண்டும் இயல்பாகவே உண்டு.

கேப்ஸ் லாக் விழுந்திருந்தால் பெரிய யு ஓடும். அது கடைசியாகத் திருத்திய வரியின் மாற்றங்களை மொத்தமாகத் திருப்பும், அதுவே ஒரு புதுத் திருத்தமாகவும் பதிவாகும். பதற்றத்தில் விஷுவல் முறையில் இருப்பது தெரியாமல் சின்ன யு அடித்தால் தேர்ந்த ஆங்கில எழுத்தெல்லாம் சிறியதாகும்.

பதிவு 8 | பச்சைத்திரை

விம்காரர் மரத்தை இவ்வளவு நேரம் விளக்க வேண்டியிருக்கிறது. ஈமேக்ஸில் (இதுவும் ஓர் உரை எடிட்டர்) அன்டூவே ஒரு திருத்தம், அதையும் அன்டூ செய்யலாம், எதுவும் அழிவதில்லை. பின்னால் போய்ப் புதிதாகத் தட்டினாலும் தொடர்ந்து அன்டூ கொடுத்தால் பழைய நிலைகள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருக்கும்.

குழப்பம் ஒன்றுதான்: திசை மாற, கண்ட்ரோல்+ஜி அடித்துச் சங்கிலியை வெட்ட வேண்டும். அடுத்த அன்டூ ரீடூவாக வேலை செய்யும். இது பிடிக்காதவர்களுக்கு 28-ஆம் பதிப்பு முதல் அன்டூ-ரீடூ என்று தனிக் கட்டளையே இருக்கிறது.

கவனிக்க வேண்டியது அளவு. அன்டூ-லிமிட் 1,60,000 பைட், அன்டூ-ஸ்ட்ராங்-லிமிட் 2,40,000. இதைத் தாண்டினால் குப்பை சேகரிப்பின்போது (நினைவகத்தைத் தானே துப்புரவாக்கும்போது) பழையவை நீங்கும். யூடிஎஃப்-8-ல் ஒரு தமிழ் எழுத்துக்குறிக்கே மூன்று பைட், "கி" போன்ற உயிர்மெய்க்கு ஆறு. பெரிய பத்திகளை வெட்டி ஒட்டும் தமிழ் எழுத்தாளர் இரண்டையும் பத்து மடங்காக்கிக்கொள்வது நல்லது.

பதிவு 9 | நீலப்படி

ஆட்டோகேடில் (வரைபட மென்பொருள்) அன்டூ என்று முழுசாகத் தட்டினால் வருவது வெறும் யு இல்லை, பல கிளை உள்ள கட்டளை. அதில் "மார்க்" வைத்துவிட்டுச் சோதனை செய்து, பிடிக்கவில்லையென்றால் "பேக்" கொடுத்து அந்த இடத்துக்குத் திரும்பலாம். நல்ல வசதி. ஆனால் மார்க் வைக்காமலே பேக் கொடுத்தால், எல்லாவற்றையும் அன்டூ செய்யப்போகிறேன், சரியா என்று கேட்கும். இயல்பு விடை "ஆம்". ஆட்டோகேட்காரருக்கு என்டரும் ஸ்பேஸும் அனிச்சையாகவே விழும், கேள்வியைப் படிக்கும் முன்னே கோப்பு திறந்தபோது இருந்த நிலைக்குப் போயிருக்கும்.

அப்படி ஆனால் வேறு எதுவும் தொடாமல் உடனே ரீடூ. அன்டூவுக்கு அடுத்த கட்டளையாக ரீடூ வந்தால்தான் செல்லும். "என்ன ஆச்சு பார்ப்போம்" என்று ஒரு கோடு போட்டுப் பார்த்தால் கதவு மூடிவிடும். யு பல தடவை கொடுத்திருந்தால் எம்ரீடூ போட்டு "ஆல்" கொடுங்கள்.

ரீடூவும் போய்விட்டால், வரைபடத்தை மூடாதீர்கள். தானியங்கிச் சேமிப்பின் எஸ்வி-டாலர் கோப்பு டெம்ப் அடைவில் இருக்கும், முறையாக மூடினால் அது நீங்கிவிடும். முதலில் அதை வேறு அடைவுக்கு நகலெடுத்து, நீட்சியை டிடபிள்யூஜி என்று மாற்றித் திறந்து பாருங்கள். இதன் இடைவெளி சேவ்டைம், இயல்பு 10 நிமிடம். 5 ஆக்கினால் நல்லது. பிஏகே கோப்பு நீங்கள் கடைசியாகச் சேமித்ததற்கு முந்தைய நிலை. பதறிப்போய் இரண்டு தடவை சேமித்தால் பிஏகேயும் கெட்ட நிலையாகிவிடும், அதை மறக்காதீர்கள்.

பதிவு 10 | மணல்வீடு

எல்லாம் சரிங்க. ஆனா கொஞ்சம் நிதானமா அடிச்சா இதெல்லாம் வராது. ஒரு அன்டூவுக்கு இவ்வளவு பெரிய இழையா?

பதிவு 11 | அடுக்குநிரல்

நிதானம் போதாதுங்க. இதில் பாதி மென்பொருள் வடிவமைப்பின் தவறு. எடிட்டர் எழுதுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்.

கீயைப் பிடித்துக்கொண்டிருந்தால் விசைப்பலகை தானே திரும்பத் திரும்ப அனுப்பும். விண்டோஸில் வேகத்தை உச்சத்தில் வைத்தால் நொடிக்குச் சுமார் 30. இரண்டு நொடி பிடித்தால் அறுபது படி. பிரவுசரில் கீடவுன் நிகழ்வில் "ரிப்பீட்" என்ற பண்பு இருக்கிறது, அது உண்மை என்றால் அன்டூவைப் புறக்கணிக்கலாம், அல்லது நொடிக்கு நான்கு என்று மட்டுப்படுத்தலாம். இரண்டு வரி நிரல், பலர் செய்வதில்லை.

எது ஒரு படி என்பது அடுத்தது. பிரவுசர் எடிட்டர் கட்ட உதவும் நூலகங்களில், ப்ரோஸ்மிரரில் அரை நொடி இடைவெளி விட்டால் புதுப் படி, க்வில்லில் ஒரு நொடி. ஆழம் இரண்டிலும் இயல்பாக 100. தமிழுக்கு இதை அப்படியே விட்டால் தட்டச்சுப்பலகை சொன்ன சிக்கல் வரும். கம்போசிஷன் (பல கீயில் ஓர் எழுத்து உருவாகும் கட்டம்) தொடங்கி முடியும்வரை படியை வெட்டக் கூடாது. வெட்டும் இடமும் முழு எழுத்தின் எல்லையாக இருக்க வேண்டும், பிரவுசரில் உள்ள உரை பிரிக்கும் கருவியான இன்டில் செக்மென்டர் அதைச் சொல்லிவிடும். "கொ" என்பது ஒற்றைக் கொம்பும் காலும் தனித்தனிக் குறிகளாகவும் வரலாம், ஒரே குறியாகவும் வரலாம். நடுவில் வெட்டினால் அன்டூவுக்குப் பிறகு "கெ" மட்டும் நிற்கும், பயனருக்கு அது எழுத்துப்பிழையாகத் தெரியும்.

டெக்ஸ்ட்ஏரியாவின் (இணையப் பக்கத்தில் தட்டச்சு செய்யும் பெட்டி) மதிப்பை ஸ்கிரிப்டிலிருந்து நேரடியாக மாற்றினால் பிரவுசரின் அன்டூ வரலாறு பல இடங்களில் அறுந்துவிடும். "தானாகத் திருத்து" பொத்தான் வைக்கிற தளங்களில் இதுதான் நடக்கிறது. பிரவுசரின் பழைய கட்டளையான எக்ஸெக்கமாண்டின் இன்சர்ட்டெக்ஸ்ட் வழியாகச் செருகினால் வரலாறு நிற்கும். கைவிடப்பட்ட வசதி என்று ஆவணங்கள் சொன்னாலும், இதற்கு நிகரான மாற்று இன்னும் வரவில்லை.

முக்கியமானதைக் கடைசியில் சொல்கிறேன். ரீடூ அடுக்கை அழிக்காதீர்கள், தனியாகத் தூக்கி வையுங்கள். நினைவகம் இன்று பிரச்சினையே இல்லை. ரீடூவில் ஐந்து படிக்கு மேல் இருக்கும்போது புதுத் திருத்தம் வந்தால், திரையின் ஓரத்தில் "43 படி ஒதுக்கப்பட்டது, மீட்க" என்று ஒரு பட்டை காட்டினால் போதும். நடுவில் சன்னல் திறந்து உறுதி கேட்க வேண்டாம். நீலப்படி சொன்ன கதைதான் ஆகும், பழகிய விரல் எந்தக் கேள்விக்கும் என்டர் அடித்துவிடும்.

கீயின் பொருளும் இடத்துக்கு இடம் மாறுகிறது. நிரல் எழுதும் மென்பொருளான இன்டெல்லிஜேயின் விண்டோஸ் கீமேப்பில் கண்ட்ரோல்+ஒய் வரியையே நீக்கும், ரீடூ அங்கே கண்ட்ரோல்+ஷிஃப்ட்+இசட். வேர்டுப் பழக்கத்தில் ஒய் அடித்தால் ஒரே அடியில் ஒரு வரி போய், ரீடூவும் போகும். அங்கே லோக்கல் ஹிஸ்டரி இயல்பாக ஐந்து வேலைநாள் வரை வைத்திருக்கிறது என்பது ஆறுதல். ஆனாலும் கீமேப்பில் அந்த ஒய்யை எடுத்துவிடுவதுதான் நல்லது.

பதிவு 12 | கிளைமரம்

கிட்டையும் (நிரல் கோப்புகளின் பதிப்புகளைக் காக்கும் மென்பொருள்) சேர்த்துக்கொள்ளலாமா? "மாற்றத்தைத் திரும்பப் பெறு" என்று தேடி, முதலில் கண்ட கட்டளையை ஒட்டுகிறவர்கள் அதிகம்.

கிட் ரீசெட் --ஹார்டு, கமிட் செய்யாத (பதிப்பாகப் பதியாத) எல்லாத் திருத்தத்தையும் வேலை அடைவிலிருந்து நீக்கும். ரெஃப்லாக் (கிட்டின் நகர்வுப் பதிவேடு) காப்பாற்றும் என்பது பாதி உண்மை. அது காப்பது கமிட்டை மட்டும், கமிட் ஆகாதது அதில் ஏறவே ஏறாது. கடைசிக் கமிட்டை மட்டும் பிரிக்க வேண்டுமென்றால் கிட் ரீசெட் --சாஃப்ட் ஹெட்~1 போதும், கோப்புகளை அது தொடாது. வேறு கமிட்டுக்கு நகர வேண்டுமென்றால் --கீப் போடுங்கள், உங்கள் திருத்தம் பாதிக்கப்படும் நிலை வந்தால் மறுத்துவிடும். ஹார்டுதான் வேண்டுமென்றால், அதற்கு முன் கிட் ஸ்டாஷ் -யு (திருத்தங்களை ஓரமாக எடுத்து வைப்பது). அந்த யு இல்லாவிட்டால் புதிதாக உருவாக்கி ஆட் செய்யாத (கிட்டில் சேர்க்காத) கோப்புகள் ஸ்டாஷில் ஏறாது.

கிட் கிளீன் (கிட்டில் சேர்க்காத கோப்புகளை நீக்கும் கட்டளை) கொடுக்கும் முன் -என் சேர்த்து எதெல்லாம் நீங்கும் என்று பட்டியலைப் பாருங்கள். இது நீக்குவது மறுசுழற்சித் தொட்டிக்கும் போகாது. 2017-ல் விஎஸ் கோடில் (நிரல் எடிட்டர்) "எல்லா மாற்றத்தையும் கைவிடு" கொடுத்து, கிட்டில் ஒருபோதும் சேர்க்காத ஆயிரக்கணக்கான கோப்புகள் போனதாக வந்த புகார் பரவலாகப் பேசப்பட்டது. உள்ளே ஓடியது இந்தக் கிளீன்தான்.

பதிவு 13 | மணல்வீடு

சரி, ஒத்துக்கிறேன். ஹார்டு கொடுத்தாச்சு, கமிட் இல்லைன்னா வழியே கிடையாதா?

பதிவு 14 | கிளைமரம்

இருக்கிறது, ஒரு முறையாவது ஆட் செய்திருந்தால். ஆட் செய்த கணமே உள்ளடக்கம் ப்ளாபாக (கோப்பின் உள்ளடக்கம் மட்டும் உள்ள பொதி) களஞ்சியத்தில் ஏறிவிடும். கிட் எஃப்எஸ்சிகே --லாஸ்ட்-ஃபவுண்ட் கொடுங்கள். கிட் அடைவுக்குள் லாஸ்ட்-ஃபவுண்ட், அதற்குள் அதர் என்ற இடத்தில் வந்து விழும். கோப்புப் பெயர் இருக்காது, ஹேஷ் மட்டும்தான். உங்களுக்கு நினைவிருக்கும் ஒரு செயற்கூற்றின் பெயரை கிரெப் போட்டுத் தேடிக் கண்டுபிடியுங்கள். அதற்கு முன் கிட் கான்ஃபிக் ஜிசி.ஆட்டோ 0 என்று வைத்துவிடுங்கள். எதுவும் சுட்டாத ப்ளாப்களுக்கு இயல்பாக இரண்டு வாரம்தான் ஆயுள், ஜிசி (கிட்டின் தானியங்கித் துப்புரவு) ஓடினால் பழையவை நீங்கும்.

ஆட் செய்யாதது என்றால் எடிட்டரைப் பாருங்கள். கோப்பு விஎஸ் கோடில் இன்னும் திறந்திருந்தால், டிஸ்க்கில் மாறியதைப் படித்துப் புதுப்பித்ததும் அதன் அன்டூ அடுக்கில் ஒரு படிதான். அங்கே கண்ட்ரோல்+இசட் அடித்தால் பழைய உள்ளடக்கம் வந்துவிடும். மூடியிருந்தால் டைம்லைன் பகுதியில் லோக்கல் ஹிஸ்டரி இருக்கும், 2022 மார்ச் வெளியீட்டில் வந்தது. இயல்பாக ஒரு கோப்புக்கு 50 பதிவு, 256 கேபிக்கு மேற்பட்ட கோப்பைச் சேர்க்காது, விஎஸ் கோடிலேயே சேமித்ததை மட்டும் வைத்திருக்கும்.

பதிவு 15 | தட்டச்சுப்பலகை

விடுபட்ட இரண்டு. விண்டோஸ் எக்ஸ்ப்ளோரரிலும் கண்ட்ரோல்+இசட் உண்டு. எடிட்டரில் இருப்பதாக நினைத்து அங்கே அடித்தால், கடைசியாக நகர்த்திய கோப்பு பழைய அடைவுக்கே போகும். கடைசிச் செயல் நகலெடுத்தது என்றால் அன்டூவின் பொருள் அந்த நகலை நீக்குவது. பென்டிரைவுக்கு நகலெடுத்து, அங்கேயே திறந்து திருத்திக்கொண்டிருப்பவர்கள் கவனம். பென்டிரைவில் மறுசுழற்சித் தொட்டி பொதுவாக இருக்காது.

ஐபோனைக் குலுக்கினால் அன்டூ கேட்கும். அமைப்புகளில் அக்சஸிபிலிட்டி - டச் - ஷேக் டு அன்டூவை அணையுங்கள். மூன்று விரலால் இடப்பக்கம் இழுத்தாலும் அன்டூதான், வலப்பக்கம் இழுத்தால் ரீடூ.

பதிவு 16 | வரிவடிவம்

எல்லாருக்கும் நன்றி. ஒன்று பாக்கி. வேர்டில் எதுவும் செய்து வைக்காமலே ரீடூ போய்விட்டது. அந்த நிமிடத்தில் எந்த வரிசையில் என்ன செய்ய வேண்டும்?

பதிவு 17 | ஓரெழுத்து

முதலில் கண்ட்ரோல்+எஸ் அடிக்கக் கூடாது. டிஸ்க்கில் உள்ளது கடைசியாகச் சேமித்த நல்ல நிலை, அதன் மேல் எழுதிவிடாதீர்கள். எஃப்12 கொடுத்து இப்போதைய நிலையை வேறு பெயரில் வையுங்கள்.

அடுத்து, சன்னலை மூடாமல் ஆட்டோரெகவர் கோப்பைத் தேடுங்கள். ஃபைல் - ஆப்ஷன்ஸ் - சேவ் பகுதியில் அதன் அடைவு எழுதியிருக்கும். ஏஎஸ்டி என்று முடியும் கோப்பை அங்கிருந்து டெஸ்க்டாப்புக்கு நகலெடுங்கள். முறையாக மூடினால் அது போய்விடும். ஒன்டிரைவ் கோப்பென்றால் ஃபைல் - இன்ஃபோ - வெர்ஷன் ஹிஸ்டரியையும் பாருங்கள்.

விண்டோஸ்+வி முன்பே இயக்கி வைத்திருந்தால் கடைசி 25 நகல்கள் அதில் இருக்கும், வெட்டி ஒட்டிய பத்திகள் பல அங்கேயே கிடைக்கும். கணினியை மறுதொடக்கம் செய்தால் பின் குத்தாதவை போய்விடும்.

எல்லாம் சேர்ந்த பிறகு ரிவ்யூ - கம்பேர் திறந்து, ஏஎஸ்டியிலிருந்து மீட்டதை ஒரு பக்கமும், எஃப்12-ல் வைத்ததை மறுபக்கமும் கொடுத்தால், எந்தெந்த வரி விடுபட்டது என்று திருத்தக் குறிகளாகக் காட்டும். வேண்டியதை ஏற்றுக்கொண்டே போகலாம்.

பதிவு 18 | பேரேடு

ஓரெழுத்து சொன்ன வரிசையில் ஒரே ஒரு மாற்றம்: ஏஎஸ்டியை நகலெடுப்பது எஃப்12-க்கும் முன்னால் வர வேண்டும். ஆட்டோரெகவர் இயல்பாக 10 நிமிடத்துக்கு ஒருமுறை எழுதுகிறது. அடுத்த முறை எழுதும்போது அன்டூ செய்த பழைய நிலைதான் அந்தக் கோப்பில் போய் உட்காரும். கடைசியாக எழுதிய நேரம் எக்ஸ்ப்ளோரரில் கோப்பின் பக்கத்திலேயே தெரியும். அதிலிருந்து 8 நிமிடம் ஆகிவிட்டது என்றால் உங்களிடம் இருப்பது இரண்டே நிமிடம்.